கொழும்பு நகரும் வாழ்க்கைச் செலவுப் புள்ளியும்

வரலாறு என்றதும் மன்னர் பட்டியலையும் போர்க்களங்களையும் நினைப்பது நமது பாடநூல்கள் நமக்கு ஊட்டிய பழக்கம். ஒரு நகரத்தில் உழைத்து உண்பவன் தன் சம்பளத்தை எவ்வாறு பங்கிட்டான், எத்தனை ரூபாவை அரிசிக்குக் கொடுத்தான், எத்தனையை வாடகைக்குக் கொடுத்தான் என்பதும் வரலாறே. கொழும்பைப் பொறுத்தவரை இவ்வரலாற்றுக்கு ஒரு சான்று உண்டு. அது கல்வெட்டுமன்று, செப்பேடுமன்று. 'கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்' என்று அரசாங்கமும், 'வாழ்க்கைச் செலவுப் புள்ளி' என்று தொழிலாளரும் அழைத்த ஓர் எண்ணே அது.

1949–50ஆம் ஆண்டுகளில், கொழும்பிலே சில நூறு தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவு ஆராயப்பட்டது. அக்குடும்பங்கள் நூறு ரூபா செலவிட்டால் அது எவ்வாறு பிரிந்தது என்பதைக் கொண்டு, 1952ஆம் ஆண்டின் விலையை 100 எனக் கொண்ட சுட்டெண் அமைக்கப்பட்டது. உணவுக்கு 61.9, உடைக்கு 9.4, எரிபொருளுக்கும் விளக்குக்கும் 4.3, வாடகைக்கு 5.7, ஏனையவற்றுக்கு 18.7. இவ்வைந்து எண்களையும் சற்று உற்று நோக்குவோம். நூறில் அறுபதுக்கு மேல் வயிற்றுக்கே போய்விடுகிறது. குடியிருப்புக்கோ ஆறுக்கும் குறைவு. ஒரு தலைநகரத்தில், துறைமுகத்துக்கு அண்மையில், வாடகை இத்துணை மலிவாயிருந்தது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1875இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. காலியின் சிறப்புக் குன்ற, தோட்டத்துத் தேயிலையும் வெளிநாட்டு அரிசியும் கொழும்பு வழியே சென்று வந்தன. மூட்டை சுமக்கவும், வண்டி ஓட்டவும், புகையிரதப் பட்டறையில் இரும்படிக்கவும் ஆட்கள் வந்து குவிந்தனர். 1871இல் ஏறத்தாழ ஓர் இலட்சமாயிருந்த நகர மக்கள்தொகை, 1921இல் இரண்டு இலட்சத்து நாற்பதினாயிரத்தைத் தாண்டியது. வந்தோருக்கு வேலை இருந்தது, வீடு இல்லை. பெரிய வளவுகளின் பின்புறங்களில் வரிசை வரிசையாகச் சிற்றறைகள் எழுந்தன. பலர் ஒரு குழாயில் நீர் பிடித்தனர், பலர் ஒரு மலகூடத்தைப் பயன்படுத்தினர். இவற்றுக்குத் 'தோட்டம்' என்று பெயர். எனவே மலிவான வாடகையின் முதற் காரணம் வெளிப்படை: கொடுத்த பணம் சிறிது, பெற்ற இடமும் சிறிது.

1914இல் கொழும்பிலே கொள்ளைநோய் பரவியது. நோய் செல்வரின் வாயிலையும் தட்டக்கூடும் என்ற அச்சம் ஆட்சியாளரை விழிப்பித்தது. அடுத்த ஆண்டில் வீடமைப்பு, நகர் மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. குடியிருக்கத் தகாத கட்டடங்களை மூடவும் இடிக்கவும் அது அதிகாரம் அளித்தது. ஆனால் இடித்த இடத்திலிருந்தவன் எங்கே போவான் என்ற கேள்வி அதிகாரிகளின் கோப்புகளில் முதலிடம் பெறவில்லை. அக்கேள்வியைத் தொழிலாளரே வேறு உருவில் எழுப்பினர். 1923இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் கொழும்பில் நிகழ்ந்த பொது வேலைநிறுத்தம் சம்பளத்துக்கான போராட்டம். சம்பளம் என்பதோ அரிசியும் வாடகையும் அன்றி வேறென்ன?

இரண்டாம் உலகப் போர் நிலைமையை மாற்றியது. 1942இல் அரிசிப் பங்கீடும் வாடகைக் கட்டுப்பாடும் வந்தன. 1941ஆம் ஆண்டின் மதிப்பீட்டை அளவாகக் கொண்டு வாடகை வரையறுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் இதனைச் சமாதான காலத்துக்கும் நீட்டியது. இதுவே மலிவு வாடகையின் இரண்டாவது காரணம். சம்பளம் மட்டும் கொழும்புத் தொழிலாளியை வாழ வைக்கவில்லை. கூப்பன் அரிசியும் வாடகைச் சட்டமும் அவன் சம்பளத்துக்கு முண்டு கொடுத்தன. வடபகுதியிலிருந்து வந்த லிகிதர்கள் பலர் ஒரு வீட்டை எடுத்து, செலவைப் பங்கிட்டு, 'சமறி' என்ற பெயரில் கூடி வாழ்ந்ததும், ஊருக்கு மணியோடர் அனுப்பியதும் இப்பின்னணியிலேதான்.

முண்டு ஒன்றை உருவியபோது நேர்ந்தது யாவரும் அறிந்ததே. 1953இல் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. உணவுக்கே அறுபது வீதத்துக்கு மேல் செலவிட்ட மக்களுக்கு இது என்ன அடியென்பதை மேற்கண்ட புள்ளிகளே கூறும். ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. உயிர்கள் பலியாயின. பிரதமர் டட்லி சேனாநாயக்க அவ்வாண்டிலேயே பதவி விலகினார்.

வாடகைத் துறையில் இடதுசாரிகளின் பெரு முயற்சி பின்னர் வந்தது. கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்தபோது, 1972இல் புதிய வாடகைச் சட்டமும், 1973இல் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டமும் நிறைவேறின. வரம்புக்கு மேற்பட்ட வீடுகள் அரசுடைமையாயின. குடியிருந்தோர் உரிமையாளராகும் வழி திறந்தது. இது சிறிய சாதனையன்று. எனினும் குறையையும் நாம் மறைத்தல் ஆகாது. சட்டம் இருந்த வீடுகளைப் பங்கிட்டது. வேண்டிய அளவு புதிய வீடுகளைக் கட்டவில்லை. வாடகைக்கு வீடு கட்டத் தனியார் தயங்கினர். அந்த இடத்தை அரசு நிரப்பவில்லை. திறப்பைக் கையளிப்பதற்கென்றே பற்றுச்சீட்டின்றிப் பணம் வாங்கும் வழக்கம் தலையெடுத்தது. வாடகைக் கட்டுப்பாடே தவறு என்பார் இதனையே எடுத்துக் காட்டுவர். ஆனால் வியன்னா நகராட்சி வேறொரு பாடம் புகட்டியது. அங்கே வாடகைக் கட்டுப்பாட்டுடன், செல்வருக்குக் கூடுதலாக விழும் வீடமைப்பு வரியும் 1923இல் விதிக்கப்பட்டது. 1934க்குள் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் தொழிலாளருக்காக எழுந்தன. கட்டுப்பாடும் கட்டுமானமும் அங்கே கைகோத்துச் சென்றன. இங்கே ஒன்று மட்டும் வந்தது.

1977க்குப் பின் காற்று திசை மாறியது. 1978இல் அரிசிப் பங்கீடு குறைந்த வருமானமுடையோருக்கு மட்டுமெனச் சுருக்கப்பட்டது. 1979இல் அதன் இடத்தை உணவு முத்திரை பிடித்தது. முத்திரையின் ரூபாப் பெறுமதி நின்ற இடத்தில் நிற்க, விலை ஏறியது. நகர அபிவிருத்தி அதிகாரசபையும் 1978இல் தோன்றியது. நகரத்து நிலம் குடியிருப்பாக அன்றி முதலீடாக மதிக்கப்படலாயிற்று.

இக்காலத்தில் நமது சான்றாகிய சுட்டெண் என்ன செய்தது? சம்பளச் சபைகளின் கீழ்ப் பல தொழில்களில் விசேட படி இப்புள்ளியைப் பின்பற்றியே கூடியது. புள்ளி ஏறாவிடின் படியும் ஏறாது. அப்புள்ளியிலோ வாடகைப் பகுதி, கட்டுப்பாட்டு வாடகையையே கணக்கிட்டு, நீண்டகாலம் அசையாது நின்றது. புதிதாக அறை தேடியவன் கொடுத்த உண்மை வாடகை அதில் ஏறவில்லை. 1949–50ஆம் ஆண்டுக் குடும்பத்தின் செலவுப் பட்டியல், அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர்தம் பேரப்பிள்ளைகளின் சம்பளத்தையும் அளந்தது. கணக்கில் இல்லாத வாடகையைத் தொழிலாளி தன் உணவிலிருந்து செலுத்தினான்.

பின்னர், 2006–07ஆம் ஆண்டுகளின் ஆய்வைக் கொண்டு வந்த சுட்டெண்ணில் உணவின் பங்கு 41 ஆனது. வீடு, நீர், மின்சாரம், எரிபொருள் ஆகியவற்றின் பங்கு ஏறத்தாழ 24 ஆனது. பழைய பட்டியலில் வாடகையும் எரிபொருளும் விளக்கும் சேர்ந்து பத்துத்தான். புதியது தொழிலாளரை மட்டுமன்றி நகரக் குடும்பங்கள் அனைத்தையும் கணக்கில் எடுத்ததால், இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாது. ஆயினும், வீட்டுச் செலவு இனிமேல் ஒதுக்கிவிடத்தக்க சில்லறையன்று என்பதை அரசாங்கக் கணக்கே ஒப்புக்கொண்டது.

2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. தோட்டங்களில் வாழ்ந்தோர் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். காலி செய்த நிலத்தில் ஒரு பகுதி வணிகத்துக்குப் போயிற்று. தலைமுறையாகக் குடியிருந்தவன் தவணைப் பணம் கட்டவேண்டியவனானான். 2022 செப்ரெம்பரில், கொழும்புச் சுட்டெண்ணின்படி, உணவு விலை ஓராண்டில் 94.9 வீதம் ஏறியது. அந்நாளில் முண்டு கொடுக்கக் கூப்பனும் இல்லை, பழைய வாடகைச் சட்டத்தின் வலுவும் இல்லை.

நகர வாழ்க்கை இயல்பாகவே விலை கூடியது, ஏழை ஒதுங்குவது விதி என்று கூறுவோர் உளர். கொழும்பின் வரலாறு அக்கூற்றை மறுக்கிறது. வாடகை சட்டத்தால் இறங்கியது, சட்டம் தளர ஏறியது. அரிசி விலை ஓர் அரசாங்கத்தால் ஏறியது, மக்களின் எழுச்சியால் மீண்டும் குறைந்தது. ஆசிரியராகிய நாம் வகுப்பறையில் புள்ளிவிபரம் கற்பிக்கையில், சராசரி காணும் முறையோடு நின்றுவிடலாகாது. இது எவருடைய கூடையிலிருந்த பண்டங்களின் விலை, எந்த ஆண்டின் கூடை, எந்த வாடகை இதிலே விடுபட்டது என்று கேட்கவும் மாணவரைப் பழக்கவேண்டும். நாளை அவர்களுடைய சம்பளத்தையும் அத்தகைய ஓர் எண்தான் அளக்கப்போகிறது.