மெலியேயின் வீழ்ச்சி: ஒரு கைவினைஞனும் திரைப்படக் கைத்தொழிலும்

மௌனப்பட வரலாற்றை எழுதுவோர் ஜோர்ஜ் மெலியேயின் (1861–1938) வீழ்ச்சிக்குப் பெரும்பாலும் இரசனை மாற்றத்தையே காரணமாகக் காட்டுவர். மாயக் காட்சிகளில் மக்கள் சலிப்புற்றனர்; அவரோ மாறவில்லை என்பது அவர்தம் வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயின், இவ்விளக்கம் கலைஞனை அவன் இயங்கிய உற்பத்தி உறவுகளிலிருந்து பிரித்துவிடுகின்றது. திரைப்படப் பிரதி யாருடைய உடைமை என்னும் வினாவை எழுப்பாது மெலியேயை விளங்கிக்கொள்ளல் இயலாது.

பாரிஸ் நகரச் சப்பாத்து உற்பத்தியாளர் ஒருவரின் மகனான மெலியே, குடும்பத் தொழிலிலிருந்த தமது பங்கைச் சகோதரர்க்கு விற்று, 1888 இல் றொபேர் ஊடான் மாயவித்தை அரங்கை வாங்கினார். 1895 டிசெம்பர் 28 இல் லூமியேர் சகோதரரின் காட்சியைக் கண்டதும் அக்கருவியை விலைக்குக் கேட்டார், மறுத்துவிட்டனர். இலண்டனில் றொபேர்ட் போல் என்பாரிடம் கருவியொன்றைப் பெற்று, 1896 இல் படமெடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டு மொன்த்ரே என்னுமிடத்தில், குடும்பக் காணியில், கண்ணாடியாலான படப்பிடிப்புக் கூடமொன்றை எழுப்பினார். கதை, காட்சித் திரை, தந்திரக் காட்சி, நெறியாள்கை, நடிப்பு எல்லாவற்றிலும் அவர் கையே முன்னின்றது. அவரை வெறுங் கனவுலகக் கலைஞராகக் காண்போர் 1899 இல் அவர் எடுத்த 'திரைபுஸ் வழக்கு' என்னும் படத்தை மறந்துவிடுகின்றனர். பொய்க் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பெற்ற யூத இராணுவ அதிகாரியின் மறுவிசாரணை நிகழ்ந்த ஆண்டிலேயே, அவருக்காக வாதாடிய லபோரியின் பாத்திரத்தை மெலியே தாமே ஏற்று நடித்தார்.

எனினும் 'தனியொருவர் கலை' என்ற படிமத்தையும் நாம் அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. அவருடைய வண்ணப் பிரதிகள் எலிசபெத் துயிலியே நடத்திய பட்டறையில் உருவாகின. அங்கு ஏறத்தாழ 200 பெண்கள், ஒவ்வொருத்தியும் ஒரு நிறத்தை மட்டுமே, சட்டகம் சட்டகமாகத் தூரிகையால் தீட்டினர். மாயவித்தைக்காரரின் வண்ணங்களுக்குப் பின்னால் நின்றது தொழிற்சாலைக்குரிய வேலைப் பிரிவினையே.

1902 இல் வெளிவந்த 'சந்திரனுக்கு ஒரு பயணம்' அவருக்குப் பெரும்புகழை ஈட்டியது. அமெரிக்காவில் எடிசனும் பிறரும் அதனைக் களவாகப் பிரதிசெய்து இலாபமடைந்தனர். தம் உரிமையைக் காப்பதற்காக 1903 இல் அண்ணன் கஸ்தோனை நியூயோர்க்குக்கு அனுப்பிக் கிளையொன்றைத் திறக்க நேர்ந்தது. களவை விடவும் பேரிடி பிரான்சிலேயே விழுந்தது. அதுவரை படப்பிரதிகள் மீற்றர் கணக்கில் விற்பனையாயின. வாங்கியோரிற் பெரும்பாலோர் ஊரூராகச் சென்ற சந்தைக் கொட்டகைக்காரர். 1907 இல் பத்தே நிறுவனம் விற்பனையைக் கைவிட்டு வாடகை முறைக்கு மாறியது. வாடகைக்கு விடுபவனுக்கு வாரந்தோறும் புதிய படம் வேண்டும். ஆதலின் பெருமூலதனமும் இடையறா உற்பத்தியும் வேண்டும். காட்சியொன்றைத் தீட்ட வாரக்கணக்கில் உழைக்கும் கைவினைஞன் இதற்கு ஈடுகொடுப்பது எங்ஙனம்? 1909 இல் பாரிஸில் கூடிய தயாரிப்பாளர் மாநாட்டுக்கு மெலியேயே தலைமை தாங்கினார். அம்மாநாடே வாடகை முறையை உறுதிசெய்தது.

அவரை ஏகபோகத்தின் கபடமற்ற பலியாகக் காட்டுவதும் தவறாகும். 1908 இல் எடிசனின் காப்புரிமைக் கூட்டில் அவரும் இணைந்தார். வாரம் 1000 அடி படம் வழங்கவேண்டுமென்ற நிபந்தனை அவரை இன்னும் நெருக்கியது. சிறுமுதலாளி பெருமுதலாளியின் நிழலில் ஒதுங்கித் தப்பலாமென எண்ணுவது அவ்வர்க்கத்தின் இயல்பேயாம். 1911 இல் மொன்த்ரே சொத்தை ஈடுவைத்துப் பத்தேயிடம் பணம் பெற்றார். பின்னர் அவரது படங்களை வெட்டித் திருத்தும் அதிகாரம் பத்தேயின் ஆட்களிடம் சென்றது. 1913 உடன் அவரது படத்தயாரிப்பு முற்றுப்பெற்றது.

முதலாம் உலகப் போரின்போது அவருடைய பிரதிகள் பலவற்றை இராணுவம் எடுத்து உருக்கியது. அந்தச் செலுலோயிட் சப்பாத்துக் குதிகள் செய்யப் பயன்பட்டதாம். சப்பாத்துக் குடும்பத்தை விட்டு வெளியேறியவருக்கு வரலாறு செய்த பரிகாசம் இது. 1923 இல் மொன்த்ரே பத்தேயின் கைக்குச் சென்றபோது, எஞ்சிய மூலச்சுருள்களை அவரே தீயிட்டார். பின்னர் மொன்பர்னாஸ் புகையிரத நிலையத்தில் விளையாட்டுப் பொருள்களும் இனிப்புகளும் விற்றார். 1931 இல் அரசு விருது வந்தது. 1938 இல், ஓர்லியிலிருந்த திரைத்துறையினர் ஓய்வில்லத்தில் வாழ்ந்த காலத்தில் மறைந்தார்.

அவர் எடுத்த ஏறத்தாழ 520 படங்களில் 200 அளவிலேயே இன்று கிடைக்கின்றன. அவற்றுட் பல, விற்பனையாகிப் பலர் கைகளிற் சிதறிய பிரதிகளே. 'சந்திரனுக்கு ஒரு பயண'த்தின் கையால் வண்ணந்தீட்டிய பிரதியொன்று 1993 இல் பார்சலோனாவில் வெளிப்பட்டு, செப்பனிடப்பட்டு, 2011 இல் கான் விழாவில் மீண்டும் திரையேறியது.