போடிக்கு ரயில் வந்தாச்சு... ஆனா யாரோட வசதிக்கு? பயணியை மையமாக வைத்த ஆய்வுகள் சொல்வது என்ன?

போடிமெட்டில் இருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரயிலில் போய்விட்டு அன்றைக்கே திரும்ப முடியுமா? 2023-ல் போடிக்கு அகலப்பாதை ரயில் வந்தபோது இருந்த அட்டவணைப்படி, முடியாது.

அந்த ரயில் காலை 8 மணிக்கு மேல் மதுரையில் கிளம்பி, பத்தரை வாக்கில் போடி வந்தது. சாயங்காலம் திரும்பி, ராத்திரி மதுரையை அடைந்தது. மதுரைக்காரர் போடி வந்து வேலை முடித்துத் திரும்ப நல்ல தோது. போடிக்காரருக்கோ அப்படியே தலைகீழ். ராத்திரி இறங்கித் தங்கி, மறுநாள் ஓ.பி.யில் டாக்டரைப் பார்ப்பதற்குள் காலை ரயில் போய்விடும். ரயிலிலேயே திரும்புவதென்றால் 2 ராத்திரி மதுரையில்தான்.

இத்தனைக்கும் 12 வருஷம் காத்திருந்து வந்த ரயில் இது. 1928-ல் வந்த மீட்டர்கேஜ் பாதை, அகலப்பாதைக்காக 2010 முடிவோடு மூடப்பட்டது. தேனி வரை 2022 மே மாதமும், போடி வரை 2023 ஜூன் 15-லும் ரயில் திரும்பியது. வாரம் 3 நாள் சென்னை சென்ட்ரல் ரயிலும் சேர்ந்தே கிடைத்தது.

*ஆய்வாளர்கள் எதை அளக்கிறார்கள்?*

கடைசி ஸ்டேஷனுக்கு ரயில் நேரத்துக்குப் போனதா என்பதுதான் பழைய கணக்கு. பயணி எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, எத்தனை மணிக்குப் போக வேண்டிய இடத்தை அடைந்தார் என்பது புதிய கணக்கு.

காத்திருக்கும் நேரத்துக்கு இதில் தனி மதிப்பு உண்டு. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிஷத்தைவிட, வண்டிக்காக நிற்கும் ஒரு நிமிஷம் ஏறத்தாழ 2 மடங்கு கனமானது என்று போக்குவரத்து ஆய்வுகளில் நெடுநாளாகவே கணக்கிடுகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை!

சுவிட்சர்லாந்து ரயில்வே நேரந்தவறாமையைப் பயணிகளின் எண்ணிக்கையை வைத்தே அளக்கிறது. கூட்டமான ரயில் தாமதமானால் மதிப்பெண் அதிகம் குறையும். அங்கே மலைக் கிராமத்து பஸ்களும் ரயில் வரும் நேரத்தை ஒட்டியே ஓடுகின்றன.

*போடிமெட்டுக்கு இது எப்படிப் பொருந்தும்?*

மெட்டுக்கு ரயில் கிடையாது. போடி ஸ்டேஷனில் இறங்கி, 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில் பஸ்ஸிலோ ஜீப்பிலோ ஏறித்தான் ஆக வேண்டும். ரயில் நேரத்துக்கு வந்தும் பஸ் 5 நிமிஷம் முன்னால் கிளம்பிவிட்டால், ரயில்வே பதிவேட்டில் தாமதம் பூஜ்யம். பயணிக்கோ, அடுத்த பஸ் வரும் வரை தாமதம். ரயில் நேரத்தைப் பார்த்து பஸ்ஸை விடுவதற்குப் புதுத் தண்டவாளம் எதுவும் போட வேண்டியதில்லை. ரயில்வேயும் போக்குவரத்துக் கழகமும் உட்கார்ந்து பேசினால் போதும்.