குமரிக்குச் சென்ற இருப்புப்பாதை

திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் கன்னியாகுமரிக்கு ஒருமுறையேனும் சென்று வராத குடும்பம் அரிது. காலையில் தம்பானூரில் ரயில் ஏறினால், குமரியில் நீராடி, அம்மனைத் தொழுது, கடற்கரையில் சிறுபொழுது களித்து, இரவு உணவிற்கு வீடு திரும்பிவிடலாம். தொலைவு ஏறத்தாழ 87 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்தை ஒட்டிய பயணம். இத்துணை எளிய இவ்வழி நமக்கு வாய்த்தது 1979-ஆம் ஆண்டில்தான் என்பதை நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்? அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் இம்மலருக்குப் பொருந்தும் எனக் கருதுகிறோம்.

திருவிதாங்கூர் நாட்டிற்கு ரயில் வந்தது 1904-இல். ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா அரசாண்ட காலம் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து வந்த அப்பாதை, புனலூரைக் கடந்து கொல்லத்தை அடைந்தது. தலைநகராகிய திருவனந்தபுரமோ மேலும் 14 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1918-இல் பாதை நகரின் ஓரத்தை எட்டிற்று. 1931-இல் தம்பானூர் வரை நீண்டது. அங்கேயே நின்றும் விட்டது. அதன்பின் 48 ஆண்டுகள் தம்பானூருக்குத் தெற்கே ரயில் செல்லவில்லை.

இதனால் விளைந்த விந்தை ஒன்றுண்டு. கிழக்கே இருக்கும் திருநெல்வேலிக்கு ரயிலில் செல்ல விரும்பிய திருவனந்தபுரத்தார், முதலில் வடக்கு நோக்கிக் கொல்லம் சென்று, மலையேறிச் செங்கோட்டையிலும் தென்காசியிலும் இறங்கி வரவேண்டியிருந்தது. நாகர்கோவிலாருக்கோ இப்பக்கமும் ரயில் இல்லை, அப்பக்கமும் இல்லை. திருவனந்தபுரத்திற்கானாலும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே திருநெல்வேலிக்கானாலும் சாலையே கதி.

தெற்கே வழி காணும் முயற்சி இல்லாமற் போகவில்லை. 1860-இல் உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில், தலைநகரையும் குமரியையும் நீர்வழியால் இணைக்கும் நோக்குடன் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் தொடங்கப்பெற்றது. அது முற்றுப்பெறவில்லை, வெட்டிய பகுதிகள் கடலோரத்தில் எஞ்சி நிற்கின்றன. 1938-இல் அரசாங்கம் பஸ் போக்குவரத்தைத் தானே நடத்த முன்வந்தபோது, நாகர்கோவில் சாலை அதன் முதன்மையான வழிகளுள் ஒன்றாக இருந்தது.

வழி அரிதாயினும் வருவோர் குறையவில்லை. நாஞ்சில் நாட்டு நெல் தலைநகருக்கு உணவளித்தது. வழக்காடவும், படிக்கவும், அரசுப் பணி பார்க்கவும், சாலைக் கடைவீதியில் வாணிகம் செய்யவும் மக்கள் வந்தனர். சுசீந்திரத்தை அடுத்த தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, இந்நகரின் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். மனோன்மணீயம் என்னும் நாடகத்தை 1891-இல் வெளியிட்ட பேராசிரியர் சுந்தரம் பிள்ளையும் இந்நகரின் கல்லூரியிலேயே பணியாற்றினார். அந்நாளில் இடையே மாநில எல்லை ஏது? எல்லாம் ஒரே நாடு.

எல்லை வந்தது 1956 நவம்பர் முதல் நாள். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. மார்ஷல் நேசமணி முதலியோர் தலைமையில் நடந்த போராட்டத்தின் பயன் அது. 1954 ஆகஸ்ட் 11-ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் பலியாயின. எல்லைக்கு அப்பால் இருந்த உறவினர் தம் மொழி வழங்கும் மாநிலத்தில் இணைந்து மகிழ்ந்தனர். இப்பால் திருவனந்தபுரத்தில் வேரூன்றிவிட்ட நம் குடும்பங்களோ, இருந்த இடத்தை விட்டு நகராமலே பிற மாநிலத்துத் தமிழராயின. புதிய மாவட்டம் பிறந்த அன்று அதற்குள் ஒரு மைல் ரயில் பாதையும் இருந்ததில்லை.

ஆதலின், 1972-இல் பிரதமர் இந்திரா காந்தி இப்பாதைக்கு அடிக்கல் நாட்டியதும், 1979 ஏப்ரலில் வண்டி ஓடத் தொடங்கியதும் நமக்குச் சிறிய செய்திகள் அல்ல. 1981-இல் நாகர்கோவிலும் திருநெல்வேலியும் இணைந்தன. பழைய மலைச்சுற்று வழியின் தேவையும் குறைந்தது. 1979 அக்டோபரில் திருவனந்தபுரம் ரயில்வே கோட்டம் பிறந்தபோது, குமரி மாவட்டத்துப் பாதையும் அதனுள் அடங்கியது.

அண்மையில் நாகர்கோவிலைச் சேர்ந்த நண்பர் ஒருவருடன் பகல் வண்டியில் இவ்வழியே சென்றோம். கரமனை ஆற்றைக் கடந்து சிறிது நேரத்தில் பாலராமபுரம் வந்தது. பாலராமவர்மா மகாராஜா காலத்தில் தமிழகத்து நெசவாளரைக் குடியமர்த்திய ஊர் அது. இன்று கேரளத்தின் பெருமையாகப் போற்றப்படும் கைத்தறிக்கு அவர்களே முன்னோர். நெய்யாற்றையும் பாறசாலையையும் தாண்டியபின் வண்டி எல்லையைக் கடந்தது. கடந்ததை அறிவிப்பார் யாருமில்லை. அதே தென்னை, அதே ரப்பர்த் தோட்டம், அதே செம்மண். குழித்துறை நிலையத்துப் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்தைக் கண்டபின்னரே மாநிலம் மாறியதை உணர்ந்தோம்.

நண்பர் அப்போது ஒன்று கூறினார். "தாத்தா, நாம் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களா?" என்று பள்ளியில் படிக்கும் அவர் பேரன் வினவினானாம். "உடனே விடை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் என் பாட்டனார் பஸ்ஸும் இல்லாத நாளில் மாட்டுவண்டியில் இந்நகருக்கு வந்தார். அவர் எந்த எல்லையையும் கடக்கவில்லையே!" என்றார்.

இரணியலில் வண்டி நின்றது. திருவனந்தபுரத்து எழுத்தாளர் நீல பத்மநாபனின் தலைமுறைகள் என்னும் புதினத்திற்குக் களமான ஊர் அது. இடப்புறம் வேளிமலை நீண்டு கிடக்கிறது. அதனடியில் பத்மநாபபுரம்: 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை திருவிதாங்கூரின் தலைநகர். அரண்மனை நிற்கும் மண் தமிழகத்தினது. அதனைப் பேணுவதோ கேரள அரசு. நாகர்கோவிலுக்கு அப்பால் வயல்களும் தாமரைக் குளங்களும், சுசீந்திரம் தாணுமாலயன் கோயிற் கோபுரமும், மருத்துவாழ்மலையும் தோன்ற, சிறிது நேரத்தில் பாதையும் நிலமும் ஒருங்கே முடிகின்றன.

குமரியில் 1970-இல் எழுந்த விவேகானந்தர் நினைவாலயத்தையும், 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற 133 அடி உயர வள்ளுவர் சிலையையும் காணாது வருவாரில்லை. வழியைக் காண்பாரோ சிலர். நம்மிடையே நெல்லையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்தோரும் உளர். ஒவ்வொரு குடும்பத்திற்கும் வந்த வழி வேறு. எனினும் இந்நகரமும் அக்குமரியும் பல தலைமுறைகள் ஒரே அரசின்கீழ் வாழ்ந்தன என்பதும், தமிழர் இந்நகரின் கல்வியிலும் நெசவிலும் வாணிகத்திலும் பங்கு கொண்டோர் என்பதும் யாவர்க்கும் பொதுவான வரலாறு. அதை அறிந்த சிறுவன் தன்னை விருந்தினன் என எண்ணித் தயங்கான். மலையாளம் பேசும் அண்டை வீட்டாரை அயலாராகவும் கருதான்.

எனவே நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி விடுமுறையில் நம் பிள்ளைகளை ஒரு நாள் ரயிலில் குமரிக்கு அழைத்துச் செல்க. ஒவ்வொரு நிலையத்திலும் அவ்வூர்ச் செய்தியைச் சொல்ல ஒரு முதியவர் உடன் வருக. அந்தப் பேரனின் வினாவிற்கு விடை அவ்வழியில் உண்டு.