கண்ணுக்குத் தெரியாத நெருப்பு

செஞ்சியை அடுத்த வல்லத்தில், சாலையோரப் புளியமரத்தடியில், நண்பர் ஒருவர் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். அடுப்பு என்று அவர் பையிலிருந்து எடுத்தது, குளிர்பான டப்பாவை வெட்டிச் செய்த, உள்ளங்கையில் அடங்கும் ஒரு குப்பி. அதில் இரண்டு கரண்டி ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்ற வைத்தார். நல்ல வெயில்; நெருப்பு எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பாத்திரத்துத் தண்ணீர் மாத்திரம் முணுமுணுக்க ஆரம்பித்தது.

"சமைப்பது சுலபம் சார், ஸ்பிரிட் வாங்குவதுதான் கஷ்டம்" என்றார் நண்பர். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "இன்னாத்துக்கு சார்?" என்று கேட்டாராம். நண்பருக்கு அதில் மிகுந்த மனத்தாங்கல்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஸ்பிரிட் வேறொன்றுமில்லை, சாராயத்தில் இருக்கும் அதே ஆல்கஹால்தான். மண்ணெண்ணெய் தரும் சூட்டில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான் தரும். ஆனால் கரி பிடிக்காது, பம்பு அடிக்க வேண்டாம். நம் வீடுகளில் இருந்த பிரைமஸ் ஸ்டவ்வுக்குக்கூட முதலில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றினால்தான் உயிர் வரும்.

குடிக்கிற ஆல்கஹாலுக்கு வரி உண்டு. எரிக்கிறதற்கும் வரி போடலாமா? இங்கிலாந்து சர்க்கார் 1855-ல் ஒரு வழி கண்டது. பத்தில் ஒரு பங்கு மர ஸ்பிரிட்டைக் கலந்து குடிக்க முடியாதபடி கெடுத்துவிட்டால் வரி இல்லை! அந்த மர ஸ்பிரிட்டில் இருப்பது மெதனால் என்ற விஷம். அடுப்புக்கு மலிவான எரிபொருள் கிடைத்தது இப்படித்தான். ஸ்வீடன் தேசத்து டிராங்கியா கம்பெனி 1951-ல் காற்றுக்கு அணையாத பிரயாண அடுப்பைச் செய்ததும் இதே ஸ்பிரிட்டை நம்பித்தான்.

நம் பக்கம் கதை வேறு விதமாகப் போயிற்று. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. கடைகள் மூடின; நாக்குகள் மூடவில்லை. மேஜை நாற்காலிக்குப் பூசும் வார்னிஷைக் குடித்தவர்கள் உண்டு. 1959-ல் ஸ்பிரிட், மெதில் ஆல்கஹால், வார்னிஷ் மூன்றையும் ஒன்றாகக் கட்டிப்போட்டு விதிகள் வந்தன. தச்சரின் புட்டியும் அடுப்பின் புட்டியும் ஒரே கூண்டில் நின்றன.

மதுக்கடைகள் 1971-ல் திறந்தன. விஷம் அதனால் ஓய்ந்துவிடவில்லை. வல்லம் இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்தில், 2023 மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெதனால் கலந்த சாராயம் பத்துப் பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. மறு வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல். உடம்புக்குள் போன மெதனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரை.

இதையெல்லாம் சொன்னபோது நண்பர் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை காப்பிக்கு ஸ்பிரிட் ஊற்றுமுன், அடுப்பின் மேல் கையைக் காட்டிப் பார்த்தார். நெருப்பு அணைந்ததா என்பது கண்ணுக்குத் தெரியாதல்லவா? எரிகிற அடுப்பில் ஊற்றினால் புட்டியே பற்றிக்கொள்ளும்.

"கடைக்காரரும் இப்படித்தான் கையைக் காட்டிப் பார்த்தார்" என்றேன்.

"கேட்கட்டும் சார், இனிமேல் கோபித்துக்கொள்ள மாட்டேன்" என்றார் அவர்.