ஐதரசன் முக்கோணம்: கண்ணாடிக் குழாயிலிருந்து வியாழன் வரை

கோள்களின் வளிமண்டலத்தை அறியத் தொலைகாட்டி ஒன்றே போதும் என எண்ணுவோர் பலர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. வானிற் கண்டதை இன்னதென்று இனங்காண, ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குழாயையே பலமுறை நாடவேண்டியிருந்தது. மூன்று ஐதரசன் அணுக்கள் இணைந்து, ஓர் இலத்திரன் குறைந்து நிற்கும் அயனின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1911 இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தொம்சன், மின்னிறக்கக் குழாயில் எழும் நேர்க்கதிர்களை ஆராய்கையில், ஐதரசன் அணுவிலும் மும்மடங்கு திணிவுடைய துணிக்கையொன்றைக் கண்டார். அது தோன்றும் முறை பின்னரே தெளிவாயிற்று: இலத்திரனை இழந்த ஐதரசன் மூலக்கூறு இன்னொரு மூலக்கூறோடு மோதுகிறது, ஓரணு வெளியேற, எஞ்சிய மூன்றும் ஒன்றாகின்றன. ஐதரசன் மலிந்த வியாழனின் மேல்வளியிலும் இத்தாக்கம் நிகழவேண்டும் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கதே. ஆனால், அதனை ஒளியாற் கண்டு காட்டுவது எங்ஙனம்?

இங்கேதான் இடர் எழுந்தது. இவ்வயன் சமபக்க முக்கோண வடிவினது. ஆதலின் அதற்கு இருமுனைவுத் திருப்பம் இல்லை. வானொலி அலைகளில் அதைத் தேடிப் பயனில்லை. கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் அது அடையாளந் தருவதில்லை. எஞ்சியது செந்நிறக் கீழ்க் கதிர்களில் தோன்றும் அதிர்வு நிறமாலை மட்டுமே. தொம்சனுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின்னரே, 1980 இல், கனடாவின் ஒட்டாவா நகரில் தக்கேஷி ஒக்கா அதனைப் பதிவுசெய்தார். திரவ நைதரசனாற் குளிரூட்டிய மின்னிறக்கக் குழாயினூடு லேசர்க் கதிரைச் செலுத்திப் பெற்ற சில கோடுகளே அவருடைய நெடுநாள் முயற்சியின் பேறு. இத்தகைய பொறுமைக்குரிய புகழ் பெரும்பாலும் தொலைகாட்டிக்கே போய்ச் சேர்கிறது!

1988 இல் பியர் துரொசாரும் அவர்தம் குழுவினரும் ஹவாய்த் தீவின் மலையுச்சியிலிருந்து வியாழனின் துருவ ஒளியை ஆராய்ந்தனர். அவர்கள் நாடியது ஐதரசன் மூலக்கூற்றின் கோடுகளை. கிடைத்தவற்றுள் இனந்தெரியாத கோடுகளும் இருந்தன. அவை முக்கோண அயனின் மேற்றொனிக் கோடுகள் என இனங்கண்டவர் ஒட்டாவாவின் ஜேம்ஸ் வாட்சன். அங்கு ஐதரசன் மின்னிறக்கத்திற் பதிவான கோடுகளும், இலண்டனில் மில்லர், தெனிசன் ஆகியோர் செய்த கணிப்புகளுமே அவருக்குக் கைகொடுத்தன. குழாய் முந்தியிராவிடின் வியாழனின் கோடுகள் புதிராகவே எஞ்சியிருக்கும்.

வியாழனில் இவ்வயன் உயரத்திலேயே நிலைக்கிறது. கீழிறங்கின் மெதேன் அதன் புரோத்தனைப் பறித்து அதனை அழித்துவிடும். அதே மெதேன் 3 முதல் 4 மைக்குரோமீற்றர் வரையிலான சூரிய ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிக் கோளை இருளச்செய்வதால், அவ்விருளின்மேல் அயனின் ஒளி துலங்கித் தோன்றுகிறது.

சனியிலும் யுரேனசிலும் 1990களின் முற்பகுதியில் அது காணப்பட்டது. நெப்தியூன் மட்டும் நெடுங்காலம் பிடிகொடுக்கவில்லை. ஜேம்ஸ் வெப் விண்தொலைகாட்டி 2023 இல் பெற்ற நிறமாலையில் அங்கும் அது தென்பட்டமை 2025 இல் வெளியிடப்பட்டது. 1989 இல் வொயேஜர் 2 அளந்ததைவிட நெப்தியூனின் மேல்வளி மிகக் குளிர்ந்திருந்தது. அயனின் ஒளி மங்கியிருந்தமைக்குக் காரணம் அதுவே.