மர வரைபடமும் விடுபட்ட கட்டமும்

மரம் எங்கே குறைவு என்று காட்டும் வரைபடம், யாருடைய குடியிருப்பில் குறைவு என்பதையும் காட்ட வேண்டும் என்கிறோம். அமெரிக்க அனுபவம் இதற்குச் சான்று.

1933இல் தொடங்கிய வீட்டு உரிமையாளர் கடன் கழகம் நகர்ப்பகுதிகளை நான்கு தரங்களாகப் பிரித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குப் பெரும்பாலும் கடைசித் தரம். வரைபடத்தில் சிவப்பு நிறம். 108 நகரங்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வின்படி, சிவப்புப் பகுதிகளின் தரைவெப்பம் பிற பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் அதிகம்.

'அமெரிக்கன் ஃபாரஸ்ட்ஸ்' அமைப்பின் மரச் சமத்துவ மதிப்பெண், நிழற்பரப்பு, வெப்பம், வருமானம், வயது ஆகியவற்றோடு இனத்தையும் கணக்கில் கொள்கிறது. பின்தங்கிய பகுதிகளை அடையாளம் காண 2022இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட கருவியோ இனத்தை விலக்கியது. நீதிமன்றத்தில் நிலைக்காது என்ற அச்சமே காரணம். ஆயினும் பழைய சிவப்பு வரைபடத் தரவு, வறுமையோடு இணைத்துப் பார்க்கப்படும் சுமைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. முன்வாசலில் தடுக்கப்பட்ட இனம் கொல்லைப்புறமாக நுழைந்தது!

இங்கே அந்த அச்சத்துக்கு இடமில்லை. பட்டியல் சாதியினரின் முன்னேற்றத்துக்கான சிறப்பு ஏற்பாடுகளை அரசமைப்பின் 15(4) பிரிவு அனுமதிக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களது எண்ணிக்கை வார்டுவாரியாகவும் உள்ளது. ஆனால் வார்டு பெரிது. நிழல் கவிந்த சாலையும் அதன் பின்னுள்ள மரமற்ற சேரியும் ஒரே சராசரிக்குள் மறைந்துவிடும். ஆகவே மாநகராட்சிகள் மரம் நடும் இடங்களைத் தெருவாரியாகவே வரைய வேண்டும். வேர்விட மண்ணில்லாத சந்துகளைத் 'தகுதியற்றவை' எனத் தள்ளாமல், தனியே குறிக்கவும் வேண்டும்.