பேந்திரேயின் வாழ்வும் தார்வாட வழக்கும்

கன்னடக் கவிஞர் தத்தாத்ரேய ராமச்சந்திர பேந்திரே (1896–1981) தார்வாடில், மராத்தி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், தாய் அம்பிகையின் பெயரால் ‘அம்பிகாதனயதத்த’ என்னும் புனைபெயரை ஏற்றார். அவருடைய வாழ்க்கை இடர்கள் பலராலும் எடுத்துரைக்கப்பட்டுள்ளன. அவ்விடர்கள் எவ்வகை மொழிவழக்கில் கவிதையாயின என்பதும், அதனால் மொழிபெயர்ப்பாளர்க்கு எழும் சிக்கலும் இங்கு ஆராயப்படுகின்றன.

புணேயில் 1918இல் பட்டம் பெற்ற பேந்திரே தார்வாடில் ஆசிரியராகப் பணியாற்றினார். ‘நரபலி’ என்னும் கவிதைக்காக ஆங்கில அரசு 1932இல் அவரைச் சிறையிலிட்டது. பின்னர் முகத என்னும் சிற்றூரில் காவலில் வைத்தது. அதன்பின் நிலையான வருவாயின்றிப் பல்லாண்டுகள் கழிந்தன. 1935இல் முதுகலைப் பட்டம் பெற்றும் நிலை உடனே மாறவில்லை. 1944இல்தான் சோலாப்பூர்க் கல்லூரியில் கன்னடப் பேராசிரியர் பணி அமைந்தது. 1956 வரை அங்கு இருந்தார். இதற்கிடையே பெற்ற குழந்தைகள் பலரையும் பறிகொடுத்தார்.

பெங்களூரில் வாழ்ந்த மாஸ்தி வேங்கடேச ஐயங்கார் அவருக்கு உற்ற துணையாக விளங்கினார். மாஸ்தியின் வீட்டுமொழி தமிழ். பேந்திரேயின் வீட்டுமொழி மராத்தி. கன்னடத்திற்கு ஞானபீட விருதைப் பெற்றுத்தந்தவர்களுள் இவ்விருவரும் அடங்குவர் என்பது எண்ணத்தக்கது. ஆயினும் அவர்கள் கையாண்ட கன்னடம் ஒன்றன்று. 1915இல் கன்னட சாகித்திய பரிஷத்து தோன்றிய பெங்களூர், மைசூர்ச் சீமையின் எழுத்து வழக்கிற்கு நிலைக்களமாயிற்று. பேந்திரேயோ பம்பாய் மாகாணத்திற்கு உட்பட்டிருந்த தார்வாடின் பேச்சு வழக்கைக் கவிதைக்குக் கொணர்ந்தார்.

குழந்தையின் சாவை ஒட்டி எழுந்த அவருடைய புகழ்பெற்ற கவிதை, கணவன் மனைவியிடம் பேசும் பேச்சாக அமைந்தது. அவளது பார்வையைத் தாங்கவியலாத ஒருவனின் மன்றாட்டு அது. பொதுக் கன்னடத்தில் ‘பேட’ எனப்படும் விலக்குச் சொல், இங்குத் தார்வாட வழக்கின்படி ‘ப்யாட’ என ஒலிக்கிறது. ஏகாரம் ‘யா’ எனத் திரியும் இவ்வொலிமாற்றம் பேசுவோனை அவனது வீட்டிற்குள்ளேயே நிறுத்திவிடுகிறது.

‘பேட’ என்பதும் தமிழ் ‘வேண்டா’ என்பதும் ஒரே மூலத்தின. தமிழ் வகரத்திற்குக் கன்னடத்தில் பகரம் நிற்பது அறிந்ததே. இவ்வுறவே மொழிபெயர்ப்பாளரை வழிதவறச் செய்யும். கன்னடத்தில் ‘பேட’ அன்றாட விலக்கு வடிவம். தமிழில் அவ்விடத்தில் இயல்பாக வருவது ‘-ஆதே’ ஈறு. கணவன் மனைவியை ‘நீ’ என விளித்துப் பேசும்போது ‘வேண்டாம்’ என்பது சற்றே விலகி நிற்கும். ‘-ஆதே’ என்பதோ தனித்து நிற்பின் ஆணையாகிவிடும். தார்வாட வழக்கிற்கு ஈடாக நெல்லை வழக்கையோ கொங்கு வழக்கையோ கொள்வது மூன்றாவது வழி. அதில் வீட்டுநெருக்கம் கிடைக்கும்; ஆனால் துயருற்றோர் தார்வாடை விட்டு நெல்லைக்குக் குடிபெயர்ந்துவிடுவர்.

ஆகவே வட்டார அடையாளம் மிகாத பேச்சுத்தமிழைக் கொண்டு, ‘-ஆதே’ ஈற்றின் கடுமையைத் தொடரின் ஓசையால் தணிப்பதே ஏற்புடையது. இதில் தார்வாடின் ஒலி இழக்கப்படும் என்பது உண்மை. எனினும் செந்தமிழாக்கினால் நேரும் இழப்பு அதனினும் பெரிது. 1964இல் வெளிவந்த ‘நாகு தந்தி’க்காக 1973இல் ஞானபீட விருது பெற்ற கவிஞர், தம் துயரை மேடைமொழியில் உரைக்கவில்லை, அடுப்படியில் கேட்கும் மொழியில் உரைத்தார். மொழிபெயர்ப்பில் முதற்கண் காக்கப்பட வேண்டியது அதுவே.